காட்டுத்தாராக் கழகமும் மலைநாட்டுப் பிள்ளைகளும்

கழகம் என்னுஞ் சொல்லுக்குப் பண்டைத் தமிழில் இரு பொருள் உண்டு. கற்றோர் கூடிக் கலை பயிலும் இடமும் கழகம். சூதாடுவோர் கூடிக் கைப்பொருளை இழக்கும் இடமும் கழகமே. ஒரே சொல்லில் இவ்விரண்டையும் அடக்கிவிட்ட நம் முன்னோரின் குறும்பை எண்ணி நாம் நகைப்பதுண்டு. நாலு பேர் கூடினால் அது பள்ளியாகவும் ஆகலாம், பாழாகவும் போகலாம் என்பது அவர்தம் கருத்துப் போலும்.

இவ்விரண்டு இயல்பையும் ஒருங்கே கொண்ட ஒரு வகைக் கழகத்தைப் பற்றி இவ்வாரம் எழுதப் புகுந்தோம். அதற்குத் தூண்டியவர்கள் தெமோதரைப் பகுதித் தோட்டங்களிலிருந்து எம்மிடம் கற்க வரும் உயர்தர வகுப்பு மாணவர் இருவர். “சேர், கடற்கரைக்குப் போய் நீர்ப்பறவை பார்க்கும் சங்கம் ஒன்று இருக்கிறதாமே, நாங்களும் அங்கத்தவராகலாமா?” என்று கேட்டனர். ஆகலாம் என்றோம். வீட்டில் மறுக்கின்றார்கள் என்றனர். தந்தையார் ஒருவரின் வாதத்தையும் அப்படியே எம்மிடம் ஒப்புவித்தனர்: “தாரா வேட்டை துரைமார் விளையாட்டு. அது போக, தெமோதரை எங்கே, கடல் எங்கே?”

வாதம் சிறிது, ஆயினும் அதனுள் இரண்டு கேள்விகள் அடங்கியுள்ளன. இது துரைமாரின் விளையாட்டுத்தானா என்பது ஒன்று. மலைக்கும் கடலுக்கும் என்ன தொடர்பு என்பது மற்றொன்று. பெற்றோர் வாதத்தை ஆசிரியர் எளிதில் தள்ளிவிடுதல் முறையன்று. முதலாவதில் உண்மை நிறையவே உண்டு.

இந்த வேட்டையின் தாயகம் இங்கிலாந்தின் கரையோரம். கடல் ஏறி இறங்கும் உவர்ச்சேற்று நிலங்கள் அந்நாட்டின் கிழக்கிலும் மேற்கிலும் விரிந்து கிடக்கின்றன. காட்டுத்தாராக்கள் பகலிற் கடலோரத்தே தங்கி, இருள் சூழ்ந்ததும் உள்நாட்டு வயல்களுக்கும் குளங்களுக்கும் இரைதேடப் பறக்கும், விடியுமுன் மீளும். இந்தப் போக்கையும் வரவையும் எதிர்பார்த்து, வைகறையிலும் அந்தி மயங்கும் வேளையிலும், முழங்காலளவு சேற்றில், பனிக்காற்றில் ஒருவன் தனியே காத்திருப்பான். தன்னந்தனியனாகவே இந்த வேட்டையை ஆடுதல் மரபு. நூறு பேர் வளைத்து நின்று விலங்கைக் கலைக்கும் ஆரவாரம் இதில் இல்லை. பல நாள் ஒரு பறவையும் எட்டுந் தொலைவில் வாராது; வெறுங்கையுடன் வீடு திரும்ப வேண்டியதுதான்.

இவ்வேட்டைக்காரருக்கென 1908இல் ஒரு தேசிய சங்கம் அங்கே தோன்றியது. ஸ்டான்லி டங்கன் என்பவர் அதன் மூலவர். கரையோர ஊர்தோறும் அதனோடு இணைந்த சிறு கழகங்கள் ஏற்பட்டன. புதிதாகச் சேர விரும்புவோனிடம் காசை வாங்கிக்கொண்டு சேற்றில் இறக்கிவிடுவதில்லை. முதற் பருவத்தில் மூத்த அங்கத்தவர் ஒருவரோடுதான் அவன் செல்லலாம் என்பது பல கழகங்களின் விதி. கடல் எப்போது ஏறும், எவ்வளவு ஏறும் என்பதை அட்டவணையில் நோக்கி அறியப் பழகவேண்டும். தவறினால் உயிருக்கே ஆபத்து. அரையிருளில் வானத்தே தெரியும் கரிய நிழலைக் கொண்டே, இது இன்ன பறவை, இதனைச் சுட விதி உண்டா இல்லையா எனச் சொல்ல வேண்டும். சந்தேகம் வந்தால் துவக்கைத் தாழ்த்த வேண்டும். நாற்பது யாருக்கு அப்பாற் சுடுதல் இழிவாகக் கருதப்படும். ஏனெனில் தொலைவிற் படும் சன்னம் கொல்லாது, காயப்படுத்தும். பருவ முடிவிலே, எத்தனை பறவை, எவ்வினம் எனக் கழகத்துக்கு எழுதிக் கொடுத்தல் வேண்டும். உறைபனி இரண்டு கிழமை வரை நீடித்து, பறவைகள் இரையின்றி மெலிந்தால், சுடுதலே நிறுத்தப்படும்.

ஈயத்தின் கதையையும் இங்கே சொல்லிவிடுவோம். விஞ்ஞானம் பயிலும் மாணவர்க்கு அது பயன்படும். தாராவுக்குப் பல் இல்லை. சிறு கற்களை விழுங்கி, இரைப்பையில் வைத்துத் தானியத்தை அரைத்துக்கொள்ளும். சேற்றில் உதிர்ந்து கிடக்கும் ஈயச் சன்னமும் அதன் கண்ணுக்குக் கல்லே. விழுங்கிய ஈயம் இரைப்பையில் அரைபட்டு இரத்தத்தில் ஏறும்; பறவை சோர்ந்து மெலிந்து மடியும். துவக்குக்குத் தப்பிய பறவையைத் துவக்கின் எச்சம் கொன்றது. இதனாலேயே 1999 முதல் இங்கிலாந்தில் தாராவையும் காட்டுவாத்தையும் ஈயத்தாற் சுடுதல் சட்டத்தினால் தடுக்கப்பட்டது.

இக்கழகங்களின் சேற்றிலிருந்து எழுந்து வந்தவர்தாம் பீற்றர் ஸ்கொட். தென்துருவப் பயணத்தில் மாண்ட ஸ்கொட்டின் மைந்தர், 1909இற் பிறந்தவர். கேம்பிரிட்ஜிற் பயின்ற நாளிலே படிப்பைக் காட்டிலும் தாரா வேட்டையில் நாட்டமுள்ளவர் எனப் பெயர் பெற்றவர். கால்கள் முறிந்து, எவரும் எட்ட முடியாத சேற்றிடத்தே வீழ்ந்து, மறுநாளும் உயிரோடு கிடந்த ஒரு காட்டுவாத்து தம் மனத்தை உலுக்கியதை அவரே எழுதி வைத்துள்ளார். பின்னர் துவக்கைக் கைவிட்டார். 1946இல் செவேர்ன் ஆற்றங்கரையில் சிலிம்பிரிட்ஜ் என்னுமிடத்தில் நீர்ப்பறவைகளுக்கென ஓர் அறக்கட்டளை நிறுவினார். 1961இல் உலக வனசீவராசிகள் நிதியம் தோன்றியபோது அதன் மூலவர்களில் ஒருவராயிருந்தார். அதன் பண்டாக் கரடிச் சின்னமும் அவர் கை வரைந்ததே. பறவையின் போக்குவரவை அவர் புத்தகத்திற் படித்ததில்லை. சுடுவதற்காகக் காத்திருந்த விடியற்காலைகளிற் கற்றார். பின்பு காப்பதற்கு அந்த அறிவே உதவியது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். நம் ஊவாவுக்கே வருவோம்.

பதுளையில் புனித மாற்கு ஆலயம் என்றொரு தேவாலயம் உண்டு. பதுளையில் ஆட்சி புரிந்த மேஜர் ரொஜர்ஸ் என்பவரின் நினைவாக எழுப்பப்பட்டது. அவர் கொன்ற யானைகள் ஆயிரத்து நானூறுக்கு மேற்பட்டவை என்பர். 1845இல் அப்புத்தளையில் இடி வீழ்ந்து மாண்டார். இது தெய்வத் தண்டனை என ஊரார் பேசிக்கொண்டதில் வியப்பில்லை. நாம் அதற்குள் நுழையோம். அடுத்து நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர், வேட்டை நாய்களைக் கொண்டு மரை வேட்டையாடியதை ஒரு நூலாகவே எழுதினார். அக்காலத்தே எல்லையும் இல்லை, கணக்கும் இல்லை. கோப்பியும் பின்னர்த் தேயிலையும் காட்டை விழுங்க, எஞ்சிய விலங்கைத் துவக்கு விழுங்கிற்று.

இப்படியே போனால் நாளை சுடுவதற்கும் ஒன்றும் மிஞ்சாது என்ற அச்சம் தோட்டத்துரைமாரிடையே முதலில் எழுந்தது. 1894ஆம் ஆண்டு மே மாதம் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் நிறுவப்பட்டது. சங்கத்தின் பெயரை ஊன்றி நோக்குக. பாதுகாக்கப்பட வேண்டியது வேட்டை விலங்கு, வேட்டைக்காகவே பாதுகாப்பு. ஆயினும் அந்தச் சங்கமே படிப்படியாகப் பெயரை மாற்றி, நோக்கத்தையும் மாற்றி, இன்று வனசீவராசிகள் மற்றும் இயற்கைப் பாதுகாப்புச் சங்கமாக விளங்குகின்றது. உலகில் இவ்வகைச் சங்கங்களுள் மிகப் பழையனவற்றுள் அதுவும் ஒன்று. 1936 முதல் ‘லோரிஸ்’ என்னும் சஞ்சிகையை வெளியிடத் தொடங்கியது. லோரிஸ் என்பது நம் தேவாங்கு.

யால காட்டில் இலங்கைவாழ் வேட்டைப் பிரியருக்கென ஒரு பகுதியும், வேட்டையே கூடாதென மற்றொரு பகுதியும் ஒதுக்கப்பட்டன. அக்காட்டின் முதற் காவலர் யார் தெரியுமா? போயர் யுத்தத்திற் சிறைப்பட்டு இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட ஏங்கல்பிரெக்ட் என்பவர். தியத்தலாவையில் ஆயிரக்கணக்கான போயர் கைதிகள் அடைக்கப்பட்டிருந்த வரலாற்றை எம் மாணவர் அறிவர். யுத்தம் முடிந்தபின், பிரித்தானிய முடிக்கு விசுவாசப் பிரமாணஞ் செய்ய மறுத்த அவருக்குத் தாயகம் திரும்ப வழியில்லை. நாடிழந்த கைதி நம் நாட்டு விலங்குக்குக் காவலரானார். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வனசீவராசிகளுக்கும் தாவரங்களுக்கும் பாதுகாப்பளித்தது. மறு வருடம் பெப்ரவரியில் யால தேசியப் பூங்காவாயிற்று. அதே 1938ஆம் ஆண்டு நவம்பரில், இந்தியாவின் பரத்பூர்ச் சதுப்பு நிலத்தில் இராசப்பிரதிநிதி லின்லித்கோ பிரபுவும் அவர்தம் குழுவினரும் ஒரே நாளில் 4,273 நீர்ப்பறவைகளைச் சுட்டு வீழ்த்தினர். அத்தொகை அங்கே கல்லிற் பொறிக்கப்பட்டுள்ளது. இன்று அந்நிலமும் தேசியப் பூங்காவே.

இத்தனையிலும் நம்மவர் எங்கே இருந்தனர்? இக்கேள்வியைத் தந்தையார் வாய்விட்டுக் கேட்கவில்லை. ஆயினும் அவர் வாதத்தின் அடியில் அது கிடக்கின்றது. துரையின் துவக்கையும் தோட்டாப் பையையும் சுமந்து நடந்தவர் நம்மவர். உள்ளான் வீழ்ந்தால் வயற்சேற்றில் இறங்கி எடுத்து வந்தவர் நம்மவர். துரைமார் கிளப்பின் வாயிலுக்கு உள்ளே தட்டேந்தி நின்றிருக்கலாம், அங்கத்தவராக நின்றதில்லை. பறவையின் வரவை முதலில் அறிந்தவன் அந்த லயத்துப் பையன். நூலில் ஏறியது துரையின் பெயர். இதனை நாம் மனக்கசப்போடு சொல்லவில்லை. ஆயினும் சொல்லாமல் விடுதற்குரியதும் அன்று.

அதற்காக, பறவையைக் காத்தல் என்பதே துரைமார் கொணர்ந்த சரக்கு என எண்ணிவிடுதல் பெரும் பிழை. தமிழகத்திற் செங்கற்பட்டுக்கு அருகே வேடந்தாங்கல் என்னும் ஊர். 1790களில் அங்கே குளத்தில் வந்து தங்கிய பறவைகளை வெள்ளைச் சிப்பாய்கள் சுட்டனர். குடியானவர் வாளா இருக்கவில்லை. கலெக்டர் பிளேஸ் என்பவரிடம் முறையிட்டு, பறவையை ஒருவரும் துன்புறுத்தலாகாது எனக் கவுல் எழுதி வாங்கினர். அவர்கள் பறவையியல் கற்றவரல்லர். பறவை எச்சம் கலந்த குளத்து நீர் வயலுக்கு உரமாகும் என்பதைத் தலைமுறை தலைமுறையாக அறிந்தவர்கள். 1894ஆம் ஆண்டுச் சங்கத்துக்கு ஏறக்குறைய நூறு ஆண்டு முந்தியது அந்தக் கவுல். அங்கத்துவக் கட்டணமும் இல்லை, கிளப்பும் இல்லை, ஊரே கழகம்.

இலங்கையில் இன்று நிலைமை முற்றும் வேறு. 1993ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின்னர், அட்டவணையில் விலக்காகக் குறித்த சிலவற்றைத் தவிர எல்லாப் பறவைகளும் சட்டத்தின் பாதுகாப்பைப் பெற்றுள்ளன. விளையாட்டுக்காகத் தாரா சுடும் கழகம் இங்கே இல்லை. ஆயினும் அக்கழகத்தார் கற்ற வித்தை அழியவில்லை. துவக்கின் இடத்தில் தூரதிருஷ்டிக் கண்ணாடி வந்தது. 1943இல் இலங்கைப் பறவைக் கழகம் தோன்றிற்று. 1976இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தை அடியாகக் கொண்டு, பேராசிரியர் சரத் கொட்டகம முதலியோரின் முயற்சியாற் களப் பறவையியற் குழு தொடங்கப்பட்டது. இக்குழுவில் மாணவரும் சேரலாம், பொதுமக்களும் சேரலாம். துரை என்றும் தொழிலாளி என்றும் அங்கே பேதமில்லை. முதற் கேள்விக்கு இதுவே எமது விடை: துரைமார் விளையாட்டாயிருந்தது உண்மை, இப்போது அல்ல.

இரண்டாவது கேள்வி எமக்கு மிகவும் உவப்பானது. தெமோதரை எங்கே, கடல் எங்கே?

புகைவண்டி வளைந்து சுற்றித் தன் நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கத்தில் நுழைந்து செல்லும் ஊர் தெமோதரை. அந்த வளைவைக் காண வேற்று நாட்டவர் வருகின்றனர். அவ்வூரின் மற்றொரு விந்தையைக் காண்பார் குறைவு. தெமோதரைப் பக்கம் பெய்யும் மழை பதுளு ஓயாவிற் சேர்ந்து, ஹாலி-எல, பதுளை கடந்து, துன்ஹிந்தவில் அருவியாய் வீழ்ந்து, மகாவலியோடு கலந்து, திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவிற் கடலை அடைகின்றது. அங்கிருந்து சில மைல் தொலைவில், எல்லக் கணவாய்க்குத் தெற்கே பெய்யும் மழையோ இராவணன் அருவியாகி, கிரிந்தி ஓயாவில் விழுந்து, வெல்லவாய வழியே சமவெளியில் இறங்கி, திஸ்ஸமகாராமவைத் தாண்டித் தென்கடல் சேர்கின்றது. ஒரே மேகம் பொழிந்த நீர். ஒரு பாதி கீழைக் கடலுக்கு, மறுபாதி தென்கடலுக்கு. நம் பிள்ளைகள் நிற்கும் மலையே தண்ணீரைப் பங்கிடும் வரம்பு.

அந்தத் தென்கரையிலேதான் பூந்தல இருக்கின்றது. 1969இற் சரணாலயமாகவும் 1993இல் தேசியப் பூங்காவாகவும் ஆக்கப்பட்டது. ஈரநிலங்களுக்கான ராம்சர் உடன்படிக்கையின் கீழ் இலங்கையில் முதன்முதல் ஏற்கப்பட்ட இடமும் அதுவே. பூந்தல, எம்பிலிகல, மலல, கோகாலங்கல என நான்கு களப்புகள். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடக்கேயிருந்து பறவைகள் வந்து இறங்கும். நீலச்சிறகி என்னுஞ் சிறு தாரா முந்நூறு நானூறு கிராம் எடைதான் இருக்கும். அது ஐரோப்பாவின் வடபகுதியிலும் சைபீரியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு இமயத்துக்கு இப்பால் வருவது. ஊசிபோல் வால் நீண்ட தாரா, கரண்டிபோல் அலகு விரிந்த தாரா, பல வகை உள்ளான் என வரவு நீளும். பூந்தலவின் புகழ் இவற்றால் மட்டும் வந்ததன்று, பூநாரையினால் வந்தது. இளஞ்சிவப்பு நிறமும் நெடுங்காலும் உடைய அப்பறவை ஒரு காலத்தே ஆயிரக்கணக்கில் அக்களப்புகளில் நின்றது.

இப்போது அங்கே அதனைக் காண்பது அரிதாகிவிட்டது. சுட்டவர் எவருமில்லை. பின் எவ்வாறு போயிற்று?

1980களில் கிரிந்தி ஓயாவை மறித்து லுணுகம்வெஹெர நீர்த்தேக்கம் கட்டப்பட்டது. வறண்ட நிலம் வயலாயிற்று. குடியானவர் பலர் வாழ்வு பெற்றனர். அதனைக் குறைகூற நாம் யார்? வயலுக்குப் பாய்ந்து மிஞ்சிய நீர் வடிகால் வழியே எம்பிலிகலவிலும் மலலவிலும் போய் விழுந்தது. உவர்க் களப்பில் நன்னீர் புகுந்தது. உப்பு குறைந்தது. பூநாரை தலைகீழாய் அலகைக் கவிழ்த்து வடித்துத் தின்னும் நுண்ணிய இறால் வகைகளும் பாசிகளும் உவர்நீரில் வாழ்பவை. உப்பு குறைய அவை குறைந்தன. அவை குறையப் பூநாரை அகன்றது. வயலில் இட்ட உரம் நீரோடு வந்து கரையிற் கோரையை வளர்த்தது. நன்னீர் நல்லது என்றே நாம் எல்லோரும் கற்றோம். அந்த நன்னீரே ஓரிடத்தில் நஞ்சுபோல் வேலை செய்தது.

எல்லவில் தொடங்கிய நீரின் கதையே இது. தெமோதரைக்கும் கடலுக்கும் தொடர்பில்லையென இனி யாரும் கூறார் என நம்புகின்றோம்.

இந்த மாற்றத்தை உலகம் எங்ஙனம் அறிந்தது? உவரை அளந்தோர் ஒருபுறம். பறவையை எண்ணியோர் மறுபுறம். ஆண்டுதோறும் அதே களப்பில், அதே பருவத்தில், யாரோ சிலர் வெயிலில் நின்று எண்ணி எழுதி வைத்தார்கள். அவ்வெழுத்து இல்லையெனில், ‘முன்பெல்லாம் நிறைய வரும்’ என்ற கிழவர் பேச்சாகவே அது முடிந்திருக்கும்.

ஆதலாற் புதிய அங்கத்தவர் முதலிற் கற்க வேண்டியது எண்ணும் வித்தை. பத்தாயிரந் தாரா ஒருங்கே எழும்பினால் ஒவ்வொன்றாய் எண்ணல் இயலாது. முதலிற் பத்தை எண்ணி, அப்பத்து எவ்வளவு இடத்தை அடைக்கின்றது எனக் கண்ணில் நிறுத்த வேண்டும். பின் அது போன்ற பத்து நூறு. நூறு போன்ற பத்து ஆயிரம். இதற்குப் பயிற்சி வேண்டும். பிரட்டுக் களத்தில் ஆளெண்ணிப் பழகிய கங்காணியாரின் பேரனுக்கு இது கைவரும் என்பது எம் நம்பிக்கை!

அடுத்தது உண்மை. புதியவனுக்கு எப்போதும் ஓர் ஆசை: தான் காண்பது அரும்பறவையாயிருக்க வேண்டுமென்று. தொலைவில் ஏதோ சிவப்பாய்த் தெரிந்தால் பூநாரை எனத் துள்ளுவான். மூத்தவர் மெல்லக் கேட்பார்: “அலகைப் பார்த்தாயா? காலைப் பார்த்தாயா?” பார்க்கவில்லையெனில் எழுதக்கூடாது. இதனினும் கடினம் ஒன்றுண்டு. நாள் முழுதும் நின்றும் பூநாரை ஒன்றும் வாராவிடில், குறிப்பேட்டில் ‘0’ என எழுத வேண்டும். வெற்றிடமாக விடக்கூடாது. வெற்றிடம் என்றால் யாரும் பார்க்கவில்லை என்று பொருள். சுழி என்றால் பார்த்தோம், இல்லை என்று பொருள். இவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமையை ஒரு பதினெட்டு வயதுப் பிள்ளை உணர்ந்துவிட்டால், பௌதிகமும் இரசாயனமும் கற்பிக்கும் எமது சகபாடிகளின் பாரம் பாதி குறையும்.

பரீட்சை கெடும் என அஞ்சும் பெற்றோர்க்கு இதையே கூறுவோம். உயிரியலில் உணவுச் சங்கிலி என்று நாம் கரும்பலகையில் வரைந்து காட்டுவது, மலல களப்பில் அறுந்து கிடக்கின்றது. மாதம் ஒரு ஞாயிறு அதற்குப் போவதால் மதிப்பெண் குறையாது. போகாத ஞாயிறுகளிற் பிள்ளைகள் கைபேசியில் என்ன செய்கின்றனர் என்பதையும் பெற்றோர் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

தமிழ்ப் பிள்ளைகள் சேர வேண்டுமென நாம் விரும்புதற்கு வேறொரு காரணமும் உண்டு. அது பெயர் பற்றியது. இந்தியத் தமிழர் சிறகி என்பதை நாம் தாரா என்கிறோம். காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் குரல் கொடுக்கும் வண்ணப் பறவைக்கு ஆறுமணிக்குருவி என்று பேர். கம்பியில் வரிசையாய் அமர்வது தகைவிலான். ஓடைக்கல்லில் வாலை அசைப்பது வாலாட்டி. இவற்றைத் தோட்டத்து முதியோர் சிலர் இன்னும் சொல்லக் கேட்கிறோம். பேரப்பிள்ளைகளுக்கோ எல்லாம் ‘குருவி’. நூல்கள் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் உள்ளன. தமிழ்ப் பெயரைக் கேட்டு எழுதி வைக்க ஓர் அங்கத்தவரேனும் அக்குழுவில் நம் பக்கத்திலிருந்து இருத்தல் வேண்டாமா?

மன்னாரைப் பற்றியும் ஒரு வார்த்தை. இலங்கைக்கு வரும் தாராக்களிற் பெருந்தொகை இறங்குவது அங்கேதான். வங்காலைச் சரணாலயத்திலும் கட்டுக்கரைக் குளத்திலும் மாரியில் நீர்ப்பரப்பே கறுத்துத் தெரியும். இராமர் அணை வழியாகத் தமிழகக் கரையிலிருந்து வருபவை பல. 19ஆம் நூற்றாண்டில் நம் முன்னோர் தோணியில் வந்து இறங்கி, மாத்தளை நோக்கி நடந்த கரையும் அதுவே. வழியில் மாண்டோர் எத்தனை பேர் என எண்ணி எழுதுவார் அன்று அருகில் இல்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தினால் அவர்தம் பிள்ளைகள் பிரசாவுரிமை இழந்தனர். எஞ்சியோர்க்கெல்லாம் அது முழுமையாகக் கிட்ட 2003ஆம் ஆண்டுச் சட்டம் வர வேண்டியிருந்தது. இந்நாட்டின் பறவையை, நீரை, நிலத்தைக் காக்கும் ஒரு சங்கத்தின் அங்கத்துவ அட்டையில் லயத்துப் பிள்ளையின் பெயர் ஏறுவதை நாம் சிறு காரியமாக எண்ணவில்லை. துவக்குச் சுமந்தவனின் கொள்ளுப்பேரன் கையிற் குறிப்பேடு இருக்கட்டும்.

கண்ணாடிக்குப் பணமெங்கே என்பர். ஆளுக்கொன்று வேண்டியதில்லை, ஐந்து பேருக்கு ஒன்று போதும், வகுப்புக்கு இரண்டு போதும். பழைய மாணவர் சங்கங்கள் கிரிக்கெட் மட்டைக்குச் செலவிடுவதில் ஒரு சிறு பங்கு இதற்கு ஆகும். கண்ணாடி வருமுன்னும் காரியம் தொடங்கலாம். புரட்டாதி பிறந்ததும் ஹாலி-எலப் பக்கத்து வயல்களில் உள்ளான் வந்து சேர்ந்ததா எனப் பாருங்கள். மண்ணிறத்தில் மண்ணோடு மண்ணாய்ப் பதுங்கி, காலடியில் வந்தபின்தான் வளைந்து வளைந்து பறக்கும். துரைமார் தோட்டாவை வீணாக்கியது பெரும்பாலும் இதன் மேற்றான். முதன்முதற் கண்ட தேதியை எழுதுங்கள். ஆறுமணிக்குருவியின் குரல் எந்த நாளிற் கேட்டது, சித்திரைக்கு முன் எந்த நாளில் நின்றது என்பதையும் எழுதுங்கள். கடற்கரைக்குப் போகும்போது வெறுங்கையோடு போக வேண்டாம்.

ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஆண்டுதோறும் ஜனவரியில், தைப்பொங்கலை ஒட்டிய நாட்களில் நடைபெறுகின்றது. பாடசாலை வழியாகச் செல்வதானாற் பெற்றோர் சம்மதக் கடிதத்தை மார்கழிக்கு முன் பெற்றுக்கொள்ளுதல் நன்று. இருள் பிரியுமுன் புறப்பட வேண்டியிருக்கும். மலைப்பனிக்குக் கம்பளிச் சட்டை அணிந்து இறங்கும் பிள்ளைகள் வெல்லவாயவிலேயே அதனைக் கழற்றிப் பையில் வைக்க நேரும். தொப்பியும் தண்ணீர்ப் போத்தலும் அதைவிட அவசியம்.